ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மழை. பகல் முழுக்க கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சாயங்காலம் டவர் வந்ததும் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று மட்டும் 43 பாட்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து 43-க்கும் வரிசையாகக் கைகூப்பு போட்டேன். ஒன்றைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. இதுதான் உண்மை. நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். நான் அனுப்பிய பாட்டுக்கு, அனுப்பிய இரண்டாவது நொடியில் "அருமை டீச்சர்" என்று பதில் வந்தது. நாலரை நிமிடப் பாட்டை இரண்டு நொடியில் எப்படிக் கேட்டாய் கண்ணு?

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது நம் மலையின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா என்று எல்லாரும் போகிறோம். செம்மேட்டில் சிலைக்கு மாலை போடுகிறோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தினான் என்று சொல்கிறோம். ஆனால் ஓரி வில்லுக்கு மட்டும் பேர்போனவன் இல்லை, பாட்டுக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்ததற்கும் பேர்போனவன். புறநானூற்றில் 152, 153 இரண்டு பாட்டிலும் வன்பரணர் அவனைப் பற்றிச் சொல்கிறார். 153-ல் ஒரு விஷயம் வரும். ஓரியைப் பார்க்கப் போன கூட்டத்துக்கு மணி பதித்த குவளை மாலை, நகை, யானை என்று எல்லாம் கிடைத்துவிட்டது. அப்புறம் அவர்கள் ஆடவும் இல்லை, பாடவும் மறந்துபோனார்கள். ஏன்? பசி இல்லாமல் போனதாலோ என்று கேட்கிறார் புலவர்.

அவர் அதைக் கொடைக்குப் புகழாகச் சொன்னார். எனக்கு இப்போது அது எச்சரிக்கையாகக் கேட்கிறது. பாட்டுக்கு நமக்குப் பசியே இல்லாமல் போய்விட்டது.

பசி இருந்த காலம் எனக்குத் தெரியும். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரே ஒரு ரேடியோ. இலங்கை வானொலியில் நேயர் விருப்பத்துக்கு அண்ணன் தபால் அட்டையில் எழுதிப் போடுவான். பாட்டின் பேர், படத்தின் பேர், கீழே வீட்டில் உள்ள எல்லார் பேரும். வாரக்கணக்கில் காத்திருப்போம். பாதி நாள் வராது. ஒரு நாள் எங்கள் ஊர்ப் பேரும் எங்கள் பேரும் ரேடியோவில் வந்தபோது அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அந்தப் பாட்டை இன்றைக்கும் முதல் இசையிலிருந்து கடைசி வரை என்னால் முணுமுணுக்க முடியும்.

பிறகு கேசட் வந்தது. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, எனக்கு இந்த மலையில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது அண்ணன் ஒரு 60 நிமிடக் கேசட் பதிந்து கொடுத்தான். பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டுதான் பிடிக்கும். அதனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று நான்கு நாள் யோசித்திருக்கிறான். அட்டையில் சின்ன எழுத்தில் பாட்டுப் பட்டியல். ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் "மழை பெய்யும்போது கேள்" என்று எழுதியிருந்தான். பி பக்கத்தில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, யாரையும் தெரியாத ஊரில், அந்தக் கேசட்தான் எனக்குத் துணை.

பாட்டைப் பகிர்வது என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான். "இதைக் கேட்டபோது உன் ஞாபகம் வந்தது, இந்த இடத்தைக் கவனி" என்று ஒரு வரி கூடவே வர வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் அனுப்பும் பாட்டு, பந்தியில் யார் என்று பார்க்காமல் இலையில் கொட்டுகிற சோறு மாதிரி.

இப்போது பியானோ விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் நம் மாணவி ஒருத்தி, திருப்பூரில் இருப்பவள், ஒரு பியானோ இசையை அனுப்பி, "டீச்சர், எங்கள் கம்பெனி வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் மெட்டு இதுதானாம், முழுசாகக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். பீத்தோவனின் "ஃபியூர் எலீஸ்". நான் அதை மட்டும் மூன்று தடவை கேட்டேன், அவள் எழுதிய அந்த ஒரு வரிக்காக. நாம் வேனில் கேட்பது தொடக்கம் மட்டும்தான். நடுவில் இடது கையில் ஒரே சுரம் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், வானம் இருட்டிக்கொண்டு வருகிற மாதிரி. அப்புறம் மறுபடி அந்தப் பழைய மெட்டுக்கே வந்து சேரும்.

அது நமக்குக் கிடைத்த விதமும் ஒரு பகிர்வுதான். பீத்தோவன் அதை 1810-ல் எழுதினார். அச்சில் வரவில்லை. 1827-ல் அவர் இறந்தும் போனார். லுட்விக் நோல் என்பவர் ஒரு வீட்டில் இருந்த கையெழுத்துத் தாளைப் பார்த்து நகல் எடுத்து 1867-ல் வெளியிட்டார். அந்த மூலத்தாள் பிறகு தொலைந்துவிட்டது. ஒருவர் வைத்திருந்தார், இன்னொருவர் நகல் எடுத்தார், அதனால் திருப்பூரில் வேன் அந்த மெட்டோடு பின்னால் நகர்கிறது.

அந்தப் பதிவுக்குக் கீழே, எனக்கு அண்ணன் முறை ஆகிற ஒருவர், "நமக்கெதற்கு இந்த வெள்ளைக்கார வாத்தியமெல்லாம்" என்று எழுதியிருந்தார். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் வயலினை எங்கிருந்து எடுத்தோம்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு முறையில் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரே மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சாகித்தியம் செய்தார், நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். கட்டை வைத்த வாத்தியத்தில் கமகம் வராது என்று ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தள்ளியே வைத்திருந்தது. இன்றைக்கு ஆர்மோனியம் இல்லாத பஜனையோ நாடகமோ உங்கள் ஊரில் உண்டா? பியானோவில் கமகம் வராது என்பது சரிதான். அதில் வருவது வேறு. பத்து விரலும் ஒரே நேரத்தில் பேசும். பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்த பிறகு நமக்குத் தந்ததையெல்லாம் நீங்கள்தானே அண்ணா தினம் காலையில் அனுப்புகிறீர்கள்!

இனி சொல்லப்போவது எனக்குச் சங்கடமான விஷயம். சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ. வகுப்பில், "ஆளுக்கு ஒரு பாட்டு பாடுங்கள்" என்றேன். ஒரு பையன் எழுந்து, அவன் ஆயா சாமைக் காட்டில் களை எடுக்கும்போது பாடுகிற பாட்டைப் பாட ஆரம்பித்தான். இரண்டு வரி பாடியிருப்பான். "அது வேண்டாம், புத்தகப் பாட்டு பாடு" என்று உட்கார வைத்துவிட்டேன். அதட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் ஒருவரும் வீட்டுப் பாட்டைப் பாடவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வருடம் சந்தையில் பார்த்தபோது அந்தப் பாட்டைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரண்டு வரிதான் டீச்சர் ஞாபகம் இருக்கு. ஆயா போய் ரொம்ப நாளாச்சு" என்றார். என் வகுப்பில் பாடிய அதே இரண்டு வரி. மூன்றாவது வரியை நான்தான் நிறுத்தினேன். பீத்தோவனுக்கு ஒரு நகல் எடுப்பவர் கிடைத்தார். அந்த ஆயாவுக்கு நான் கிடைத்தேன்.

காட்டில் சாமையும் தினையும் குறைந்து மரவள்ளியும் மிளகும் காப்பியும் பெருகிவிட்டன. பயிர் போனால் அந்த வேலை போகும், வேலை போனால் அந்தப் பாட்டுக்கும் இடம் இல்லை. சினிமாப் பாட்டு எங்கும் போய்விடாது, கோடிப்பேர் போனில் இருக்கிறது. பீத்தோவனும் போகமாட்டார். போகப்போவது உங்கள் ஆயா பாடுகிற பாட்டு ஒன்றுதான்.

அதனால் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு நாளைக்கு ஒருவர், ஒரே ஒரு பாட்டு. எந்த மொழியானாலும் சரி, பியானோவானாலும் பம்பையானாலும் சரி. ஏன் பிடிக்கும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி. மற்றவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் போட வேண்டும். கேட்கவில்லை என்றால் பேசாமல் இருங்கள், நான் மார்க் குறைக்க மாட்டேன்.

இன்னொன்று. இந்த ஆடிக்கு ஊருக்கு வரும்போது ஆயாவோ அப்பத்தாவோ உட்கார்ந்திருக்கும் திண்ணையில் பக்கத்தில் உட்காருங்கள். போனில் பதிவு பொத்தானை அழுத்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு எங்கே சாமி பாட வரும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பாடினால், அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, யார் பாடியது, எந்த ஊர், எந்த வேலைக்குப் பாடுவது என்று எழுதி அனுப்புங்கள்.

அந்தப் பாட்டை நான் கடைசி வரை கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கொல்லிமலை