அக்காவின் 83 நாள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்பது பலருக்குத் தெரியும். கட்டியை டாக்டர் முதலில் பார்த்த நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை 83 நாள் ஆனது. வாத்தியார் புத்தி, தேதிகளை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதில் 26 நாள் பயாப்சி முடிவுக்காகக் காத்திருந்தது. நேரில் போய் விசாரித்தால், முடிவு வந்தே இரண்டு வாரம் ஆகிவிட்டதாம்! வேறொரு பிரிவில் மேசை மேல் கிடந்திருக்கிறது. அந்த டாக்டர் மீது எனக்குக் கோபமில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் "இந்த அம்மா வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்று எண்ணுவது அங்கே யாருடைய வேலையாகவும் இல்லை.

இங்கிலாந்தில் நர்சாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, அங்கே அதுவும் ஒரு வேலைதான் சார் என்றாள். புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டு அவசரமாக அனுப்பப்படுபவருக்கு, உண்டா இல்லையா என்று 28 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கு. நோய் இருந்தால் 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும், 100-க்கு 85 பேருக்காவது. எந்த மருத்துவமனை எவ்வளவு செய்தது என்று மாதாமாதம் வெளியிடுகிறார்கள். அந்த 85-ஐ அவர்கள் எட்டிப் பல வருஷமாகிறது என்பதும் உண்மை. "அப்புறம் என்ன பிரயோஜனம்?" என்றார் என் மைத்துனர். தவறுகிறார்கள் என்பது ஊருக்கே தெரிகிறது, கேள்வி கேட்க முடிகிறது, அதுதான் பிரயோஜனம் என்றேன்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்து இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையை மையமாக வைத்து 2012-ல் தேசியப் புற்றுநோய் கிரிட் தொடங்கினார்கள். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்ற வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. தரச் சான்றுக்கு ஆய்வும் நடக்கிறது. ஆனால் ஆய்வு என்றாலே எனக்கு நம் பள்ளியின் ஆண்டாய்வு ஞாபகம் வந்துவிடும். முதல் நாளே சுவருக்குச் சுண்ணாம்பு, புது சார்ட்டுகள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முதல் வரிசையில். (நீங்களும் உடந்தைதான்!) அதிகாரி திருப்தியாகப் போவார். உண்மை நிலவரம் இருந்தது வருகைப் பதிவேட்டில், தினமும் எழுதியதால்.

ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று தேதி போதும்: வந்த நாள், முடிவைச் சொன்ன நாள், சிகிச்சை தொடங்கிய நாள். மாதம் ஒருமுறை கணக்கை வாசலில் ஒட்டட்டும். இதற்குக் கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். ஒரு பயம் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டுக்காகச் சுமாரான பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு கழற்றிவிட்ட பள்ளிகளைப் பார்த்தவன் நான். அதனால் நோய் முற்றி வந்தவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், பாதியில் நின்றவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

உங்களில் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் இந்த நாள் கணக்கை எழுதுவது யார்? கமெண்டில் சொல்லுங்கள். அக்காவுக்கு நான்காவது கீமோ முடிந்தது. நேற்று ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.