தொப்பியைக் கவிழ்த்தால் கிண்ணம்

“ஏ/எல் எடுக்கப் போற புள்ளைக்கு ஊலும் ஊசியும் என்னத்துக்கு?”

சென்ற டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமி ஒருவர் கேட்ட கேள்வி இது. உம்மா பதில் சொல்லவில்லை. அதே கேள்வியை அன்று காலையில் அவரும் என்னிடம் கேட்டிருந்தார். நான் அப்போது குசினி வாசலில் குந்தியிருந்து, முழங்கை வரை சவர்க்கார நுரையோடு ஒரு கம்பளிக் கிண்ணத்தைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் யாருக்கும் விளக்கம் கொடுக்க முடியாது. எனவே இந்தக் கட்டுரையை மாமிக்கான பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அவருடைய மகளும் இக்கல்லூரியில்தான் படிக்கிறாள் என்பதால் சஞ்சிகை அவர் கைக்குப் போய்ச் சேரும்.

முதலில், கம்பளியில் கிண்ணமா என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கம்பளி நூலைக் குரோசே ஊசியால் பெரிதாக, தளர்வாகப் பின்னிக்கொள்ள வேண்டும். பின்பு சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் போட்டுக் கசக்க வேண்டும். நூல் சுருங்கி, ஒன்றோடொன்று சிக்கி, பின்னலின் கண்கள் மறைந்து, தடித்த ஒரே துணியாகிவிடும். அதற்குத்தான் ஃபெல்ட் என்று பெயர். ஈரமாக இருக்கும்போதே ஒரு பீங்கான் கோப்பையின் மேல் கவிழ்த்துக் காயவிட்டால் தானாக நிற்கும் கிண்ணம் கிடைக்கும். சோறு கறி போடுவதற்கல்ல. ஊசி, பொத்தான், சாவி, மூக்குக்கண்ணாடி போன்றவற்றை வைக்கலாம்.

ஏன் சுருங்குகிறது என்பதை விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பளி என்பது எமது தலைமயிர் ஆக்கப்பட்ட அதே கெரற்றின் புரதம். ஒவ்வொரு இழையின் மேலும் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய செதில்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெந்நீரும் சவர்க்காரமும் அவற்றை விரியச் செய்து இழைகளை வழுக்க வைக்கின்றன. கசக்கும்போது இழைகள் ஒன்றையொன்று தாண்டி முன்னே நகர்கின்றன. செதில்கள் தடுப்பதால் திரும்பி வர முடிவதில்லை. எங்கள் வீடுகளில் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல ஸ்வெட்டரைச் சுடுநீரில் துவைத்து, அது குழந்தைச் சட்டையாகிப் போன கதை ஒன்று இருக்கும். அந்த விபத்தை வேண்டுமென்றே செய்வதுதான் இந்தக் கலை.

பழைய கலை. மொங்கோலிய நாடோடிகளின் வட்டக் கூடாரங்கள் ஃபெல்ட்டால் போர்த்தப்பட்டவை. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பசிரிக் என்ற இடத்துப் புதைகுழிகளில், 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஃபெல்ட் விரிப்புகள் பனியில் உறைந்து கெடாமல் கிடைத்தன. துருக்கியின் கொன்யா நகரத்து மெவ்லவிகள் அணியும் உயரமான தொப்பியும் ஃபெல்ட்தான். அவர்கள் யாரும் பின்னிவிட்டுச் சுருக்கவில்லை, கம்பளி மயிரை நேராகவே பரப்பி உருட்டினார்கள் என்பது வேறு விடயம்.

தொப்பி என்றதும் உம்மம்மாவின் நினைவு வருகிறது. எங்கள் குடும்பத்து ஆண்களில் பாதிப் பேர் அவர் பருத்தி நூலில் பின்னிய வெள்ளைத் தொப்பியைத்தான் போடுகிறார்கள். நான் கிண்ணம் பின்னப் போகிறேன் என்று சொல்லி, எப்படிப் பின்னுவது என்பதை அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். நடுவில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 12. அடுத்தது 18, பின்பு 24, 30. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். போதிய அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும். உம்மம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். “இது தொப்பி தானே புள்ள, கவுத்துப் புடிச்சா கிண்ணம்.” பல நாட்களாக நான் கற்ற வித்தை நாற்பது வருடமாக அவர் விரல்களில் இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

என் முதற் கிண்ணம் தோற்றதற்கு நானும் காரணம், கடையும் காரணம். நகரத்துக் கடையொன்றில் ‘ஊல்’ என்று கேட்டு மூன்று பந்து வாங்கினேன். மூன்று மாலை பின்னினேன். ஒரு மணி நேரம் சுடுநீரில் கசக்கினேன். கிண்ணம் மிகச் சுத்தமாக, மிக மென்மையாக, ஒரு மில்லிமீற்றர் கூடச் சுருங்காமல் வெளியே வந்தது. எமது கடைகளில் ஊல் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் அக்ரிலிக்; பெற்றோலியத்திலிருந்து செய்யப்படும் இழை. அதற்குச் செதில் இல்லை. விடிய விடியக் கசக்கினாலும் அது ஃபெல்ட் ஆகாது. அசல் கம்பளியிலும் ‘சூப்பர்வொஷ்’ என்று எழுதப்பட்டவை சுருங்காதபடி பதப்படுத்தப்பட்டவை, அவையும் பயன்படா.

எனவே வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள். விரல் நீள நூல் ஒன்றை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கத் தீயில் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் பொடியாக்கலாம். அக்ரிலிக் உருகி எரியும்; ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணி போல் நிற்கும். கடைக்காரர் நூலைக் கொளுத்த விடமாட்டார், அது தெரியும். ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து வீட்டில் பாருங்கள்.

இரண்டாவது கிண்ணத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்த சாச்சி இரண்டு பந்து அசல் கம்பளி தந்தார். இம்முறை புத்தகத்தைப் பார்த்துப் பின்னினேன். அது உம்மம்மாவின் பழைய ஆங்கிலேயப் புத்தகம். ‘டபள் குரோசே’ என்றிருந்தது. நான் காணொளிகளில் பார்த்திருந்த டபளைப் பின்னினேன். அமெரிக்கர்கள் ‘சிங்கிள்’ என்று சொல்லும் நெருக்கமான கண்ணியைத்தான் ஆங்கிலேயர் ‘டபள்’ என்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. உயரமான, இடைவெளி விட்ட கண்ணிகள். சுடுநீரில் சுருங்கியது உண்மை, ஆனால் ஓட்டை ஓட்டையாக, நிற்க மாட்டாமல் சரிந்து விழுந்தது. தம்பி அதைத் தலையில் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். சாச்சியின் கம்பளி அத்தோடு முடிந்தது.

அசல் கம்பளி என்று வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். உம்மாவின் வாப்பா, எங்களுக்கு அப்பா, நுவரெலியாவில் கடை வைத்திருந்தவர். அங்கே ஜனவரிக் காலைகளில் அவர் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர் அவர் மவுத்தான பிறகு அலுமாரியில் மடித்தபடி கிடந்தது. இரண்டு இடத்தில் பூச்சி அரித்திருந்தது. அதைப் பிரித்து நூலாக்கலாமா என்று கேட்டபோது உம்மா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும். “அது வாப்பாட” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

முடிவெடுத்தவர் உம்மம்மா. “என்ட மாப்பிள்ளைட ஸ்வெட்டர். நான் செல்றன், எடு.” அலுமாரியில் கிடந்து பூச்சிக்கு இரையாவதை விட, பேத்தியின் கையில் ஏதாவதாகட்டும் என்பது அவர் நியாயம். உம்மாவின் நியாயம் அதற்குக் குறைந்ததல்ல. இன்றுவரை யார் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பழைய ஸ்வெட்டரை நூலாக்க நினைப்பவர்கள் முதலில் அதன் உட்பக்கத் தையலைப் பாருங்கள். துணி வெட்டப்பட்டு ஓவர்லொக் அடிக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். நூல் துண்டு துண்டாகத்தான் வரும். பகுதி பகுதியாகப் பின்னிச் சேர்த்ததாக இருந்தால் தையலை மட்டும் பிரித்து, மேலிருந்து இழுத்தால் நீள நூல் வரும். சுருள் சுருளாக இருக்கும் அந்த நூலைக் கதிரையின் முதுகில் சுற்றிக் கட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். மெல்லிய நூலென்றால் இரண்டு இழை சேர்த்துப் பின்னலாம்.

இம்முறை நான் முதலில் 10 சென்ரிமீற்றர் சதுரத் துண்டொன்று பின்னிக் கசக்கிப் பார்த்தேன். 7½ ஆனது. இந்தத் துண்டு கட்டாயம். ஏனென்றால் குரோசே மிக மன்னிக்கும் வேலை: கடைசிக் கண்ணி வரைக்கும் பிழை கண்டால் இழுத்துப் பிரித்து மறுபடி தொடங்கலாம். சுடுநீர் அப்படியல்ல. ஃபெல்ட் ஆனதை யாராலும் பிரிக்க முடியாது.

8 மில்லிமீற்றர் ஊசியால், 6 கண்ணியில் தொடங்கி 60 வரை கூட்டி, பின்பு கூட்டாமல் 14 சுற்றுப் பின்னினேன். 21 சென்ரிமீற்றர் அகலத்தில் தொளதொளவென்று ஒரு பூதத்தின் தொப்பி மாதிரி இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். இறுக்கிப் பின்னினால் இழைகளுக்கு நகர இடமிருக்காது. பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் சலவை இயந்திரமும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கும், ஆகவே கைதான் கதி. இறப்பர்க் கையுறை, கை தாங்கும் சூட்டில் தண்ணீர், துளி சவர்க்காரம். எல்லாப் பக்கமும் சமமாகக் கசக்கி, பச்சைத் தண்ணீரில் முக்கி, மறுபடி சுடுநீர். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. இன்னும் பெரிதானது போலக்கூடத் தோன்றும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். அரை மணி நேரம் போனபோது கண்ணிகள் மங்கத் தொடங்கின. மாமி வந்து கேள்வி கேட்டது அப்போதுதான்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை கைவேலை செய்தால் மூன்று காரணங்களுக்குத்தான் அனுமதி. மனைப் பொருளியலுக்குப் புள்ளி வேண்டும். அல்லது கல்யாண வீட்டுக்கு ஏதாவது வேண்டும். அல்லது விற்றுக் காசாக்க வேண்டும். என் கிண்ணத்தின் படத்தைப் பார்த்த தோழிகள் நால்வரில் மூவர் கேட்டது, “எவ்வளவுக்குக் குடுப்பீங்க?” இந்த மூன்றும் தவறில்லை. ஆனால் மூன்றிலும் பிழை விட இடமில்லை என்பதுதான் என் குறை. பரீட்சையில் பிழை விட்டால் புள்ளி போகும். விற்பனையில் பிழை விட்டால் ஆள் போவார். எங்களைப் போன்ற வயதினர் நாளெல்லாம் பிழை விடக் கூடாத இடங்களிலேயே இருக்கிறோம். பாடசாலை, பின்னேர வகுப்பு, மறுபடி வகுப்பு. நான் இரண்டு கிண்ணங்களைக் கெடுத்தேன். கெட்டது நூல் மட்டும்தான். ஏன் கெட்டது என்று தேடப் போய்த்தான் கெரற்றினையும் அக்ரிலிக்கையும் படித்தேன். எந்தப் பாடக்குறிப்பையும் நான் அவ்வளவு விரும்பிப் படித்ததில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு தயக்கம் உண்டு. எங்கள் ஒழுங்கையில் தையல் மெஷினை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதே நியாயத்தைச் சொன்னேன். அவர் பல்லால் நூலைக் கடித்துவிட்டு, “ஒங்களுக்கு அது வெளாட்டு மகள். எனக்கு ஒரு சட்டைய பிழையா வெட்டினா அண்டைக்குச் சோறில்ல” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. விளையாட்டுக்கு நேரமும் கெடுப்பதற்கு நூலும் கிடைப்பது எல்லோருக்கும் வாய்ப்பதல்ல. ஆனாலும் அவர் தன் மூத்த மகளை மெஷினில் உட்கார விடுவதில்லை. பழந்துணியைக் கொடுத்து, “மொதல்ல இதக் கெடுத்துப் பழகு” என்கிறாராம். பெற்றோரிடம் நான் கேட்பது அந்தப் பழந்துணியைத்தான். வாரத்தில் ஒரு பின்னேரம், புள்ளியும் விலையும் கேட்காமல்.

கண்காட்சிகளில் கைப்பணி மேசை போடும் டீச்சர்மாரிடமும் ஒரு விண்ணப்பம். அழகாக வந்ததோடு கெட்டுப் போனதையும் பக்கத்தில் வையுங்கள். என் ஓட்டைக் கிண்ணத்தைத் தர நான் தயார், தம்பி திருப்பித் தந்தால்.

சாம்பல் நிறக் கிண்ணம் சோற்றுக் கோப்பையின் மேல் மூன்று நாள் காய்ந்தது, மழைக்காலம். அகலம் ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர். ஒரு பக்கம் சற்றே சரிவு, விளிம்பில் ஒரு சிறு அலை. உம்மம்மா அதில் மூக்குக்கண்ணாடியும் மாத்திரைப் பட்டையும் வைத்திருக்கிறார். உம்மா இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து, அதைக் கையில் எடுத்து மூக்கருகே பிடித்தார். சவர்க்கார வாசம்தான் வந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

ஸ்வெட்டரின் இடது கை நூல் இன்னும் பந்தாக மிச்சமிருக்கிறது. உம்மா அதைப் பூச்சி உருண்டையோடு தன் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். கேட்டால், “சோதின முடியட்டும், பாப்பம்” என்கிறார்.