பாறையின் பிறப்புச் சான்றிதழ்

தில்லியில் கிரானைட் மலை கிடையாது. நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறைகளிலும் வங்கிப் படிக்கட்டுகளிலும் பளபளக்கும் கிரானைட் எல்லாம் வெளியூர்களிலிருந்து லாரி ஏறி வந்ததுதான். தலைநகரின் முதுகெலும்பு போல நீளும் 'ரிட்ஜ்' குன்றுத்தொடர் குவார்ட்சைட் என்ற வேறு ரகக் கல். அதைவிடப் பழைய பாறைகள் தேய்ந்து உதிர்த்த மணல் நீருக்கடியில் படிந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கல்லாகிவிட்டது.

ஆனால் தென்னிந்தியாவின் ஆதி கிரானைட் பாறைகளைப் பற்றிய முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றில் இந்தக் குன்றின் மீது அமைந்த ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே புவி வேதியியல் பேராசிரியராக இருந்த வி. ராஜாமணியும், எஸ். பாலகிருஷ்ணன், டி.கே. முகோபாத்யாய ஆகியோரும் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோக்ஸ்டாட், ஹான்சன் ஆகியோரும் இணைந்து எழுதிய கட்டுரை 1989-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் கோலார்.

தங்கத்துக்குப் பேர்போன கோலார் பாறைப் பட்டை சுமார் 80 கி.மீ. நீளமுள்ளது. அகலமோ சில கி.மீ.தான். ஆதியில் எரிமலைக் குழம்பாக வழிந்து பின்னர் உருமாறிய கரும்பாறை அது. அதன் கிழக்கிலும் மேற்கிலும் கிரானைட் குடும்பத்தைச் சேர்ந்த நைஸ் பாறைகள் பரந்து கிடக்கின்றன. வெறும் கண்ணுக்கு இரு பக்கமும் ஒரே ஜாதிக் கல்லாகத்தான் தெரியும். வேதியியல்தான் வேறு கதை சொன்னது.

கிரானைட் எளிதில் பிறக்கும் கல் அல்ல. பூமியின் உள்ளடுக்கான மாண்டில் உருகினால் வருவது பெரும்பாலும் பசால்ட். அதில் சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம். கிரானைட்டிலோ 70 சதவீதம் அல்லது அதற்கும் மேல். ஈரம் கலந்த பசால்ட் ஆழத்துக்குப் போய் அரைகுறையாக உருகும்போது சிலிக்காவும் சோடியமும் மிகுந்த குழம்பு பிரிகிறது. இப்படி உருவான பாறை மீண்டும் உருகினால் பொட்டாசியம் மிகுந்த கிரானைட் கிடைக்கிறது. பூமியின் கண்டங்கள் இப்படிப் பல தடவை வடித்தெடுக்கப்பட்டவை. நிலவிலும் செவ்வாயிலும் கிரானைட் மிக அரிது.

ஒவ்வொரு வடிப்பும் தடயம் விட்டுச் செல்கிறது. உருகிய ஆழத்தில் கார்னெட் கனிமம் எஞ்சியிருந்தால், இட்டெர்பியம் போன்ற கனமான அருமண் தனிமங்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே வரும் குழம்பில் அவை குறைந்திருக்கும். பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகும், பாறை எந்த ஆழத்தில் உருகியது என்று இந்தக் குறைவை வைத்தே ஊகிக்க முடிகிறது.

வயதைச் சொல்வது ஜிர்கான். மணல் துகளைவிடச் சிறியதாகவும் இருக்கக்கூடிய இந்தக் கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும். ஈயத்தை ஏறக்குறைய முழுதுமாக விலக்கிவிடும். எனவே பின்னாளில் அதற்குள் காணப்படும் ஈயத்தில் பெரும்பகுதி யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம்-235-க்கு 70 கோடி. ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள். ஒன்று தவறினால் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

கோலாரின் மேற்குப் பக்க நைஸ் பாறைகளில் அவற்றைவிட மிகப் பழைய கண்டப் பாறையின் கலப்பு தெரிந்தது. கிழக்குப் பக்கத்தில், சுமார் 253 கோடி ஆண்டு வயதான பாறைகளில், அந்தச் சாயல் இல்லை. அவற்றின் மூலப்பொருள் மாண்டிலை விட்டு வெளியேறி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. நடுவில் உள்ள கரும்பாறையிலும் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் வெவ்வேறு மாண்டில் ஊற்றுகளிலிருந்து வந்தவை.

ஆக, இவை ஒரு தாய் மக்கள் அல்ல. தனித்தனியே பிறந்த நிலத் துண்டுகள் 253 கோடிக்கும் 242 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. அந்தத் தையல்தான் கோலார் பட்டை என்றது ஆய்வு. இமயமலையை எழுப்பிய அதே வகைக் கண்டத்தட்டு நகர்வு 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது என்பது அதன் முடிவு. அந்த நகர்வு எப்போது தொடங்கியது என்ற விவாதம் உலக அளவில் இன்னும் ஓயவில்லை. அதில் கோலார் ஒரு முக்கியச் சாட்சி.

தேதி சொல்லும் வசதியும் இப்போது தில்லியிலேயே இருக்கிறது. ஜே.என்.யு.வுக்கு அருகில், பல்கலைக்கழகங்களுக்கான ஆக்சிலரேட்டர் மையத்தில், புவி அறிவியல் அமைச்சகத்தின் உதவியோடு தேசியப் புவிக்காலக் கணிப்பு ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டுள்ளது. தலைமுடி அளவு புள்ளியில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி ஜிர்கானின் வயதைக் கணக்கிடும் கருவி அங்கே இருக்கிறது.

கருவி வந்துவிட்டது. கல் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. 3 கி.மீ.க்கும் ஆழமான அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கி மாதிரி எடுப்பது இனி எளிதல்ல. மேலே இருக்கும் பாறைகளையோ குவாரிகள் அறுக்கின்றன. கிருஷ்ணகிரி வட்டாரத்திலிருந்து 'பாரடைசோ' என்ற பெயரில் ஏற்றுமதியாகும் கல்லில், வாங்குபவர் ரசிக்கும் அந்த இளஞ்சிவப்பு, சாம்பல் நெளிவுகள் பாறை ஆழத்தில் அரைகுறையாக உருகியதன் பதிவு. சமையலறை மேடையானாலும் அதன் வேதியியல் மாறாது. ஆனால் எந்தக் குன்றில், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் இருந்தது என்ற விவரம் போய்விடும். கிழக்கா மேற்கா என்று தெரியாத கல்லை வைத்து கோலாரின் தையலை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெங்களூர் லால்பாக் பாறையையும் சென்னை பரங்கிமலையின் சார்னோகைட் பாறையையும் புவியியல் ஆய்வுத் துறை தேசியச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. இத்தகைய இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் வரைவு மசோதாவை சுரங்க அமைச்சகம் 2022-ல் வெளியிட்டது. குவாரிக்கு அனுமதி தருமுன் அந்த இடத்தில் சில மாதிரிகளை எடுத்து, இடம் குறித்து, ஆய்வுக்கூடங்களில் சேமித்து வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு லாரிக் கல்லின் விலைகூட இருக்காது.