கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு நிறங்களால் ஆனது கறுப்பு வெள்ளைப் படம் என்கிறோம். உண்மையில், அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் சாம்பல் சாயல்கள்தாம் படம். சிதம்பரம் கோபுர வாயிலின் உட்சுவர்களில் உள்ள 108 கரணச் சிற்பங்களைப் பாருங்கள். கல்லும் ஒன்று, நிறமும் ஒன்று. பக்கவாட்டில் விழும் ஒளி மெல்ல மெல்ல நிழலாக மாறுவதால்தான் தோளும் தொடையும் திரட்சி பெற்று நம் கண்முன் ஆடுகின்றன. அந்த மென்மையான மாற்றத்தை அழித்துவிட்டால் எஞ்சுவது வெறும் கோட்டுருவமே!

இதை நான் ஏட்டில் கற்கவில்லை. என் வீட்டுச் சுவரில் கற்றேன். கடலூர் முதுநகரில் கூடை சுமந்து மீன் விற்றவர் என் ஆயா. அவர் இறந்தபின், இருந்த ஒரே சிறிய படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். "முகம் பளிச்சென்று இருக்கட்டும்" என்று கடைக்காரர் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினார். வந்த படத்தில் கன்னம் படிக்கட்டுபோல் பட்டை பட்டையாக இருந்தது. வெயில் வரைந்த சுருக்கங்களைக் காணோம். அப்பா பார்த்தார். "இது எங்க அம்மா இல்லடா" என்றார்.

குற்றம் எங்கே? கணக்கில்! சாதாரண ஜேபெக் படத்தில் கருமை முதல் வெண்மை வரை 256 படிகளே உண்டு. கறுத்த முகம் அவற்றுள் கீழே உள்ள 64 படிகளில் அடங்கியிருப்பதாகக் கொள்வோம். அதை இரு மடங்கு வெளிச்சமாக்கினால், அந்த 64 படிகளும் 128 படிகளின் இடத்தில் பரவவேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று காலி. திருத்தத்தின்மேல் திருத்தம் செய்யச் செய்ய, காலியிடங்கள் பெருகிப் பட்டைகளாகின்றன. 16 பிட் கோப்பிலோ 65,536 படிகள்! வேண்டிய அளவு இழுத்தாலும் இடைவெளி தெரியாது. ஆனால் ஒருமுறை 256 படிகளுக்குள் சுருங்கியதைப் பிறகு 16 பிட்டாக மாற்றினாலும் போனது திரும்பாது. எனவே தொடக்கத்திலேயே 16 பிட்டில் ஸ்கேன் செய்து, அதிலேயே திருத்தி, அச்சுக்கான பிரதியைக் கடைசியில் எடுக்கவேண்டும். காகிதத்தில் மைப்புள்ளி சற்றே பரவி நிழலை மேலும் கறுப்பாக்கும் என்பதையும் மறக்கலாகாது.

"ஒரு சிறு படத்துக்கு இத்தனை பாடா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நான் திருப்பிக் கேட்கிறேன்: அச்சில் கரியாகிப் போவது யாருடைய முகங்கள்? வெயிலில் உழைத்துக் கறுத்தவர்களின் முகங்கள் அல்லவா? ஒன்று, அவை கரியாகின்றன. இல்லையேல் சுண்ணாம்பு பூசப்படுகின்றன. வெளுப்பாக்குவது அழகாக்குவது ஆகாது. எங்கள் கறுப்புக்குள்ளும் நூறு சாயல்கள் உண்டு.

மூலப் படத்தை மீண்டும் ஸ்கேன் செய்து, பொறுமையாகத் திருத்தி, புதிதாக அச்சிட்டு வந்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. பழைய படத்தைக் கழற்றிவிட்டு, இதற்கு மாலை போட்டார்.

அடுத்த ஆண்டு மலருக்குப் படங்களைத் திருத்த அமரும் நண்பர்களே, அந்த இடைச் சாயல்களைக் காப்பாற்றுங்கள். அவற்றில்தான் நம் பெற்றோர் இருக்கிறார்கள்!