புது வீட்டு மாடிக்கு ஹீட் ப்ரூஃப் ஷீட்: எத்தனை இன்ச் வரை போட்டால் லாபம்? எதற்கு மேல் வீண்?

ரூஃப் கான்கிரீட் போட்டாச்சு. கையிருப்பும் பேங்க் லோனும் கரைந்துகொண்டிருக்கும் நேரம். அப்போதுதான் கான்ட்ராக்டர் கேட்பார்: “மாடிக்கு ஹீட் ப்ரூஃப் ஷீட் போட்டுடலாமா சார்? கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்.”

வேண்டாம் என்றால் கத்திரி வெயிலில் மேல்மாடி பெட்ரூம் அடுப்பாகிவிடுமோ என்ற பயம். சரி என்றால் டைல்ஸுக்கோ கதவுக்கோ ஒதுக்கிய பணத்தில் கை வைக்க வேண்டும். இந்தச் செலவு உண்மையிலேயே தேவையா? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

வெயில் இனி வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கக்கூடிய விஷயமாக இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றும் அறிவிக்கப்பட்டது. தெலங்கானா 2023-லேயே ‘கூல் ரூஃப்’ கொள்கையைக் கொண்டுவந்துவிட்டது.

வீடுகளுக்கென்று மத்திய எரிசக்தி திறன் பணியகம் 2018-ல் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்பதற்கு அதில் ஒரு வரம்பு உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட். இதைத்தான் ‘யூ வேல்யூ’ என்கிறார்கள். இந்த எண் குறையக் குறைய வீட்டுக்குள் வரும் வெப்பமும் குறையும். 6 இன்ச் வெறும் கான்கிரீட் தளத்தில் இது சுமார் 3.3.

சூடு எந்த வழியாக வருகிறது?

பெரும்பங்கு கூரை வழியாகத்தான். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். சுவரைவிட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்கும். சுவர்களில் அதிகம் சுடுவது பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவர்.

பகலில் குடித்த சூட்டை கான்கிரீட் உடனே விடாது. மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை மெல்ல மெல்ல அறைக்குள் இறக்கும். இரவு 11 மணிக்கும் ஃபேன் காற்று அனலாக அடிப்பது இதனால்தான்.

முதல் இன்ச் என்ன செய்கிறது?

சுமார் 130 சதுர அடி பெட்ரூம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயிலில் காயும் கூரைக்கும் அறைக்கும் 30 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், கூரை வழியாக இறங்கும் வெப்பம் தோராயமாக இப்படி இருக்கும்:

• வெறும் கான்கிரீட்: 1,190 வாட்
• 1 இன்ச் எக்ஸ்.பி.எஸ் ஷீட்: 350 வாட்
• 2 இன்ச்: 205 வாட்
• 4 இன்ச்: 110 வாட்

1 டன் ஏசி வெளியேற்றும் வெப்பமே சுமார் 3,500 வாட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு வேலையை வெறும் கூரையே வாங்கிவிடுகிறது. முதல் இன்ச் ஷீட் 840 வாட்டைத் தடுக்கிறது. மத்திய விதியின் வரம்புக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறது. கடைசி 2 இன்ச் தடுப்பது 100 வாட்கூட இல்லை. ஷீட் கனம் இரட்டிப்பானால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது தப்பு.

ரூபாயில் பார்த்தால்?

உதாரணத்துக்கு, வருடத்தில் 150 நாள், இரவு 8 மணி நேரம் ஏசி ஓடுகிறது. சராசரியாக மேலே சொன்ன வெப்பத்தில் பாதிதான் இறங்குகிறது. ஒரு யூனிட் மின்சாரம் ரூ.8 என்று வைத்துக்கொள்வோம்.

2 இன்ச் ஷீட் போட்டால் வருடத்துக்குச் சுமார் 170 யூனிட், அதாவது ரூ.1,350 மிச்சம். சதுர அடிக்கு ரூ.80 வீதம் ரூ.10,400 செலவானால் 8 வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும்.

இன்னும் 2 இன்ச் சேர்த்தால் கூடுதலாக மிச்சமாவது 16 யூனிட், ரூ.128தான். அதற்குச் சதுர அடிக்கு ரூ.40 கூடுதலாகக் கொடுத்தால் காசு திரும்ப 40 வருடம் ஆகும்!

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கான்ட்ராக்டர் கொடுத்த ரேட்டை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்லாப் முறையில் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். ஏசி அதிகம் ஓடும் வீட்டில் மிச்சமாவது விலை அதிகமான யூனிட்டுகள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏசி இல்லாத வீட்டுக்கு?

கரண்ட் பில்லில் மிச்சம் தெரியாது. ஆனால் இரவுத் தூக்கத்தில் தெரியும். வயதானவர்களும் கைக்குழந்தையும் மேல்மாடியில் படுக்கும் வீடு என்றால், அந்த முதல் இன்ச்சை பில் கணக்கை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. கூடவே ஜன்னல்கள் எதிரெதிரே அமைந்து இரவுக்காற்று வந்து போகவும் வழி வேண்டும்.

யார் போட வேண்டாம்?

• இரண்டு, மூன்று வருடத்தில் மேலே மாடி எடுக்கப் போகிறவர்கள். தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். மேலே தளம் வந்துவிட்டால் கீழ்க் கூரையில் வெயிலே படாது. ஷீட் செலவு வீண். அதுவரை வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூலிங் பெயிண்ட் போதும்.
• மேலே இன்னொரு தளம் உள்ள ஃப்ளாட் வாசிகள். இவர்களுக்குக் கூரை பிரச்சினையே இல்லை. மேற்குச் சுவருக்கும் ஜன்னலுக்கும் நிழல் தந்தால் போதும்.

பெயிண்ட் விலை குறைவு. ஆனால் தூசியும் பாசியும் படிந்தால் பலன் குறையும். கழுவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும்.

போடுவதென்றால் எப்போது, எங்கே?

கான்கிரீட்டுக்கு மேலே, சுருக்கி தளமோ தட்டோடோ போடுவதற்கு முன்பு. அப்போதுதான் கான்கிரீட்டே சூடாகாமல் இருக்கும். உள்பக்கம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு இறங்குவது குறையும். ஆனால் கான்கிரீட் வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும். தட்டோடு பதித்த பிறகு யோசித்தால் உடைக்கும் கூலியும் சேர்ந்து கையைக் கடிக்கும்.

தண்ணீர் கசிவுத் தடுப்பு, அதன்மேல் ஷீட், அதன்மேல் வாட்டத்தோடு தளம் என்பது பொதுவான வரிசை. சாதாரண தெர்மாகோல் நசுங்கும், ஈரமும் ஏறும். நடமாட்டத்தைத் தாங்கும் அடர்த்தியுள்ள ஷீட்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மேலே மாடி எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள் கான்ட்ராக்டரிடம் ‘1 இன்ச்சுக்கு எவ்வளவு, 2 இன்ச்சுக்கு எவ்வளவு’ என்று தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 2 இன்ச் போடலாம். அதற்கு மேல் சொன்னால், அந்தக் காசில் மேற்கு ஜன்னலுக்கு ஒரு சன்ஷேடு போட்டுக்கொள்ளலாம்.