கணப்படுப்பு மரமும் கடைக் கிதாரும்

என்னைப் பார்க்க வருகிற இளைஞர்களில் சிலர், வந்து உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள், "நீங்கள் எந்தப் பேனாவில் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பதற்காக நான் கோபிப்பதில்லை. நான் சொன்ன பெயரை அவர்கள் சிரத்தையாகக் குறித்துக்கொள்கிறார்களே, அப்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கேள்வியின் விசுவரூபத்தைச் சில நாட்களுக்கு முன் கண்டேன். எனக்கு வேண்டிய குடும்பத்துப் பிள்ளை ஒருவன். நன்றாகக் கிதார் வாசிப்பவன். தானே மெட்டுக் கட்டி எனக்கு வாசித்துக் காட்டியவன். அவன் அறைக்குள் நுழைந்தால் அது கோயில் கருவறைபோல் இருந்தது. 'குவீன்' என்ற ஆங்கில ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மேதான் மூலவர். அவருடைய சிவப்புக் கிதாரின் நகல். அவர் உபயோகிக்கிற வாக்ஸ் ஏசி 30 ஆம்ப்ளிஃபயர். இரண்டுக்கும் நடுவே ட்ரெபிள் பூஸ்டர் என்ற சிறு பெட்டி. தந்தியை மீட்ட, அவர் வைத்திருப்பதுபோலவே ஒரு பழைய ஆறு பென்னி நாணயம்! இங்கிலாந்தில் அந்த நாணயம் 1980-லேயே செல்லாக் காசாகிவிட்டது. இவன் அதையும் தேடி விலைக்கு வாங்கியிருக்கிறான்.

"கேளுங்கள் மாமா, அப்படியே பிரையன் மே!" என்று வாசித்தான். கேட்டேன். அப்படியேதான் இருந்தது.

"சரி, உன் மெட்டு ஒன்றை வாசியேன்" என்றேன்.

"அதையெல்லாம் விட்டுவிட்டேன், மாமா. முதலில் டோன் சரியாக வரட்டும்."

இந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் என் வழக்கு.

அந்த மூலக் கிதாரின் கதையை அவன் என்னைவிட நன்றாக அறிவான். ஆனால் கதையின் பொருளைத்தான் தவறவிட்டான். 1963-ல், லண்டனை அடுத்த ஃபெல்தமில், பதினாறு வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு எலெக்ட்ரிக் கிதார்மேல் தீராத ஆசை. ஃபெண்டரோ கிப்ஸனோ வாங்க வீட்டில் வசதி இல்லை. தகப்பனார் ஹரால்ட் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்; எதையும் வீட்டிலேயே செய்து பார்க்கிறவர். அப்பாவும் பிள்ளையுமாகத் தாங்களே ஒன்று செய்வது என்று தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய கணப்படுப்பு ஒன்றின் மேற்சட்ட மரம் கிதாரின் கழுத்தாயிற்று. அதிலிருந்த புழுத் துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலுக்குப் பழைய ஓக் மேஜை ஒன்றின் மரம் வந்தது. ஸ்வரத்தை அசைக்கும் கருவிக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சுருள்வில்கள். அதன் கைப்பிடிக்கு சைக்கிள் பை தாங்கியின் கம்பி. கம்பியின் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. ஸ்வர ஸ்தானங்களைக் குறிக்க அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இப்படி ஏறக்குறைய இரண்டு வருஷம்!

கடையில் வாங்க முடியாத ஏழ்மையால் பிறந்த கிதார் அது. இன்று அதுவே கடையில் விலைக்குக் கிடைக்கிறது. மே அவர்களே தம் பெயரால் நகல்களை விற்கிறார். விற்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. இன்னொன்றைக் கேளுங்கள். அவர் குழுவைச் சேர்ந்த ஜான் டீக்கன், லண்டன் தெருவில் குப்பையோடு கிடந்த மின்சுற்றுப் பலகை ஒன்றை எடுத்துவந்து, ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தி, பாட்டரியில் ஓடும் சிறு ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தார். மே அதில் கிதாரை வாசித்து, பதிவின்மேல் பதிவாக அடுக்கி, ஒரு வாத்திய கோஷ்டியின் நாதத்தையே எழுப்பினார். பிறகு அந்தப் பெட்டிக்கும் அணுவணுவாக ஆராய்ந்து நகல் செய்து விற்றார்கள். குப்பையிலிருந்து எடுத்ததற்கு நகல் வாங்குகிறவன், தன் வீட்டுக் குப்பையை ஒரு தரம் கிளறிப் பார்த்திருப்பானா?

இதைச் சொன்னபோது பையன் என்னை மடக்கினான். "பிரையன் மேயும் காப்பியடித்தவர்தானே, மாமா? அயர்லாந்துக் கலைஞர் ரோரி கல்லகரிடம் போய், உங்களுக்கு இந்த நாதம் எப்படி வருகிறது என்று கேட்டார். ஏசி 30-ம் ட்ரெபிள் பூஸ்டரும் என்று அவர் சொன்னார். மே அவற்றைத் தேடிப்போய் வாங்கினார். நான் செய்வது மட்டும் குற்றமா?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுதும் யோசித்தேன். கோடு போட்ட நோட்டில் கையெழுத்துப் பழகாதவர் யார்? நானே இளமையில் பிறர் நடையில் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்தவன்தான். காப்பியடிப்பது குற்றமில்லை. ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். கல்லகர் சொன்ன பெட்டிகளை மே தம் கணப்படுப்பு மரக் கிதாரோடு இணைத்தார். அதில் மூன்று பிக்கப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டாக ஆறு ஸ்விட்சுகள். எத்தனையோ விதமாக அவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். விளிம்பில் வரி வரியாக உள்ள நாணயம் தந்தியில் உரசி எழுகிற சொரசொரப்பு வேறு. எல்லாம் சேர்ந்து பிறந்த நாதத்தைக் கேட்டு 'இது கல்லகர்' என்று எவரும் சொல்லவில்லை. இரண்டு சாமான்களை இரவல் வாங்கி அவர் தம் பேச்சைப் பேசினார். நீயோ எல்லாச் சாமான்களையும் வாங்கிவைத்துக்கொண்டு, அவர் பேசி முடித்த பேச்சைத் திருப்பிச் சொல்கிறாய். அவர் வழி கேட்டார். நீ அவர் வீட்டிலேயே குடியேறிவிட்டாய், அப்பா!

நகல் சரியாக வருவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. நகல் சரியாக வந்துவிடுகிறது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வராதிருந்தால் பையன் அலுத்துப்போய்த் தன் மெட்டுக்குத் திரும்பியிருப்பான். தொண்ணூறு பங்கு வந்துவிடுகிறது. மீதிப் பத்துப் பங்குக்காக இன்னொரு பெட்டி, வேறொரு வால்வு, மற்றொரு தந்தி என்று வருஷங்கள் போகின்றன. அந்தப் பத்துப் பங்கு எந்தக் கடையிலும் இல்லை. ஃபெல்தம் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மரம் இழைத்த இரண்டு வருஷங்கள் அவை. 'கிடைத்ததைக் கொண்டு எனக்கு வேண்டியதைச் செய்வேன்' என்ற பிடிவாதம் அது. நகலெடுக்க வேண்டுமானால் அதை எடு! சல்லிக்காசு செலவில்லை.

இது கிதார்க்காரர்களுக்கு மட்டும் சொன்னதல்ல. பேனாவின் பெயரைக் குறித்துக்கொண்டு போகிற என் இளம் நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கருவி தயாராகட்டும் என்று காத்திருப்பது, சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயப்படுவதற்கு நாம் இட்டுக்கொண்ட கௌரவமான பெயர்.

கிளம்பும்போது பையனிடம், "உன் பழைய கிதார் எங்கே? அதை எடு, அந்த மெட்டைக் கேட்கலாம்" என்றேன்.

"அதை விற்றுத்தானே மாமா இதை வாங்கினேன்" என்றான்.

அதை வாங்கிக்கொண்டு போனவன் எவனோ, அவனாவது தன் மெட்டை அதில் வாசிக்கட்டும்.