தொலைவிலிருந்து எடுத்த கரகம்

கோலார் தங்கவயலுக்குக் கள ஆய்வுக்கு வரும் மாணவர்கள் திருவிழாக் காலத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: சடங்குக்கு இடையூறின்றித் தொலைவிலிருந்து படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

கணக்கு எளிது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் என்றால், 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலம் படத்துக்குள் அடங்கும், 400 மி.மீ. என்றால் அதில் பாதி. பொழுது சாய்ந்தபின் புறப்படும் கரகத்துக்கு, எஃப் 5.6 தருவதைப் போல் நான்கு மடங்கு ஒளியை எஃப் 2.8 தரும். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும். (உதவித்தொகை வந்துசேரும் வேகத்தை எண்ணினால் வாடகைக்கு எடுப்பதே மேல்.)

என் ஐயம் வேறு. முதலாண்டில் நான் சயனைடு மேட்டின்மீது ஏறி நின்று, கீழே ஒரு லைனில் நடந்த அம்மன் கரகத்தை 300 மி.மீ. லென்ஸால் எடுத்தேன். அருள் வந்து ஆடிய பெண்மணியின் தலைக்கு நேர்பின்னே சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் ஓங்கி நிற்பதாகப் படம் அமைந்தது. 2001இல் மூடப்பட்ட சுரங்கத்தின் நிழலிலேயே இன்றும் வழிபாடு நிகழ்கிறது என்று கருத்தரங்கில் ஒருவர் அதை விரித்துரைத்தார், நானும் தலையாட்டினேன். உண்மையில் இரண்டுக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் இருந்தது. தொலைவில் நின்று எடுத்தால் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒட்டிக்கொண்டதுபோல்தான் தெரியும். அது லென்ஸின் பிழையன்று. நான் நின்ற இடத்தின் பிழை.

பின்னர் அந்த அம்மாவிடம் படத்தைக் கொடுத்தேன். “எங்க நின்னு எடுத்த தம்பி? நான் பாக்கவே இல்லையே” என்றார். மேட்டைக் காட்டினேன். படத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் ஊர் இது. தம் உடலின் அடையாளத்தைப் பிறர் எடுத்துக்கொள்வது பற்றி இவ்வூராருக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆகவே, விழாக் குழுவிடம் முன்னமே பேசிவிட்டு, 35 அல்லது 50 மி.மீ. லென்ஸோடு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நில்லுங்கள் என்பேன். பெரியவர்கள் தள்ளி நிற்கச் சொன்னால் 70–200ஐ மாட்டிக்கொள்ளலாம். அப்போதும் எங்கு நின்று, எத்தனை மீட்டர் தொலைவில், எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்பதைப் படக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

என் ஆய்வேட்டிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். கருத்தரங்கத் தொகுப்பில் அது இன்னும் இருக்கிறது.